இடம் இல்லை என்று சொல்லவும் இடம் வேண்டும்

கைப்பேசியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் வரைபடம் வழி காட்டுகிறது. நடுவில் கேமராவைத் திறக்கிறீர்கள். பாட்டு சட்டென்று நின்றுவிடுகிறது. நீங்கள் நிறுத்தவில்லை, எந்த அறிவிப்பும் வரவில்லை. திரும்பப் போய்ப் பார்த்தால் அந்தச் செயலி அப்போதுதான் கண்விழித்ததுபோல் முதலிலிருந்து திறக்கிறது. கேமராவுக்கு நினைவகம் தேவைப்பட்டது, மிச்சம் போதவில்லை, அதனால் கைப்பேசியின் இயங்குதளம் பாட்டுச் செயலியை வெளியேற்றிவிட்டது.

இங்கே நினைவகம் என்று சொல்வது படங்களையும் காணொளிகளையும் சேர்த்துவைக்கும் இடத்தை அல்ல. அது அலமாரி. நான் சொல்வது மேசையை: ஒரு நிரல் ஓடும்போது தன் கணக்கு வழக்குகளைப் பரப்பிவைத்துக்கொள்ளும் இடம். அலமாரி காலியாக இருந்தாலும் மேசை நிரம்பிவிடலாம்.

பாட்டு நின்றால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். வங்கியின் கணினியில் இதே நிலை வந்தால் என்ன ஆகும்? உங்கள் கணக்கில் பணத்தைக் கழித்தாயிற்று, எதிர்க்கணக்கில் இன்னும் சேர்க்கவில்லை, அந்த இடைவெளியில் மேசை நிரம்பிவிட்டது. நிரலை அப்படியே தூக்கி எறிந்தால் பணம் எங்கே இருக்கும்? நிரல் நிதானமாக நின்று, செய்ததைச் சரிபார்த்து, பதிவு எழுதி, ஒழுங்காக வெளியேற வேண்டும். ஆனால் சரிபார்க்கவும் பதிவு எழுதவும் மேசையில் இடம் வேண்டுமே? இடம் இல்லை என்பதுதானே சிக்கல்?

இந்தப் புதிரோடு அறுபது ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருபவர்கள் மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினிகளில் நிரல் எழுதுகிறவர்கள். அவர்கள் கண்ட விடைகள்தான் இந்த அத்தியாயம்.

கதவிலக்கம் தீர்ந்த தெரு

1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 என்ற கணினி வரிசையை அறிவித்தது. இன்றும் பெரிய வங்கிகளில் ஓடும் பெருங்கணினிகள் பல அதன் நேர் வாரிசுகள். அந்த வடிவமைப்பில் நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவிலக்கம் உண்டு. அந்த இலக்கத்தை 24 இரும எண்களால் எழுதினார்கள். அப்படி எழுதக்கூடிய வெவ்வேறு இலக்கங்கள் 1,67,77,216. சுருக்கமாக, 16 மெகாபைட்.

அன்றைக்கு அது கடல். அந்த வரிசையின் சிறிய கணினிகளில் ஒன்றான மாடல் 30 வெறும் 8 கிலோபைட் நினைவகத்தோடுகூடக் கிடைத்தது. 16 மெகாபைட் என்பது அதைப்போல் 2,048 மடங்கு. யார் அதை நிரப்பப் போகிறார்கள் என்று நினைத்ததில் தவறில்லை.

1974இல் எம்விஎஸ் என்ற இயங்குதளம் வந்தபோது, ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் தனக்கென்று ஒரு முழுத் தெரு கிடைத்தது: கதவிலக்கம் 0 முதல் 16 மெகாபைட் வரை. என் தெருவின் 5,000ஆம் வீடும் உங்கள் தெருவின் 5,000ஆம் வீடும் வேறுவேறு. எந்த வீடு உண்மையில் எந்தச் சில்லில் இருக்கிறது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். இதைத்தான் மெய்நிகர் நினைவகம் என்கிறோம்.

இதில் பலர் தவறவிடும் ஒரு நுட்பம் இருக்கிறது. கணினிக்குள் சில்லுகள் தாராளமாகக் காலியாக இருக்கும்போதே ஒரு நிரலுக்கு நினைவகம் தீர்ந்துபோகலாம். தீர்வது சில்லு அல்ல, தெருவின் கதவிலக்கம். தெருவின் ஒரு பகுதியை எல்லாருக்கும் பொதுவானவற்றுக்காக இயங்குதளம் வைத்துக்கொள்கிறது. மிச்சத்திலும் 'ரீஜன்' என்று ஒரு வேலி போடுகிறார்கள். வேலையை ஓட்டச் சொல்லும் கட்டளைத் தாளிலேயே அது எழுதியிருக்கும்: இந்த வேலைக்கு இத்தனை மெகாபைட், அதற்குமேல் இல்லை.

பின்னாளில் தெரு நீண்டது. 1981இல் அறிவித்த மாற்றம் 2 கிகாபைட் வரை கொண்டுபோனது. 2000இல் வந்த வடிவமைப்பு 64 இரும எண்களுக்குத் தாவியது. ஆனால் பழைய நிரல்கள் 24 எண்களையே எண்ணத் தெரிந்தவை. 16 மெகாபைட் எல்லையை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் 'லைன்' என்று மட்டுமே சொல்வார்கள். எந்த லைன் என்று யாரும் கேட்பதில்லை.

30,721ஆம் கணக்கு

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், பிரிட்டனில் உள்ள வங்கி ஒன்றின் இரவு வேலைகளைக் கவனித்துக்கொள்ளும் குழுவில் நான் இருந்தேன். அங்கே நள்ளிரவு தாண்டி ஒரு மணி என்றால், கோடைக்கால நேரக் கணக்கில் நமக்கு விடியற்காலை ஐந்தரை. அந்த நேரத்தில்தான் தொலைபேசி வந்தது.

"சார், போஸ்டிங் ஜாப் அபெண்ட் ஆயிடுச்சு. எஸ் எய்ட் ஸீரோ ஏ."

அபெண்ட் என்றால் இயல்பற்ற முடிவு, நிரலின் அகால மரணம். 80ஏ என்பது மரணத்தின் காரணக் குறியீடு. வேலிக்குள் இடம் கேட்டது, இடம் இல்லை என்று பொருள். இதற்கு 878 என்றொரு உடன்பிறப்பும் உண்டு. மெயின்ஃபிரேமில் சில ஆண்டுகள் வேலை செய்தவர்களுக்கு இந்த எண்கள் பேருந்துத் தட எண்கள்போல் மனப்பாடம்.

என்ன நடந்தது என்பதைக் கணக்குக்கு எளிதாக எண்களைச் சற்றுத் திருத்திச் சொல்கிறேன். அந்த நிரல் கிளை கிளையாக வேலை செய்யும். ஒரு கிளையின் கணக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, அன்றைய வரவு செலவைத் தரவுத்தளத்தில் பதியும். பதிந்த கையோடு அந்தக் கணக்கைப் பற்றி 100 பைட் அளவில் ஒரு வரியை நினைவகத்தில் உள்ள அட்டவணையில் சேர்க்கும். கிளை முடிந்ததும் அந்த அட்டவணையை நிலுவைத் தொகையின் வரிசையில் அடுக்கி ஓர் அறிக்கை அச்சிடும்.

அட்டவணைக்கான இடத்தை நிரல் ஒரேயடியாகக் கேட்பதில்லை. 100 கிலோபைட் துண்டு ஒன்று கேட்கும். அதில் 1,024 வரிகள் கொள்ளும். நிரம்பியதும் அடுத்த துண்டு. நிரலுக்கும் கோப்புகளுக்கும் போக, வேலிக்குள் அட்டவணைக்கு மிஞ்சியது 3,000 கிலோபைட், அதாவது 30 துண்டுகள், 30,720 வரிகள். இருந்தவற்றிலேயே பெரிய கிளையில் 28,000 கணக்குகள். பல ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை.

அந்த வாரம் வங்கி இரண்டு கிளைகளை இணைத்தது. புதிய கிளையில் 34,000 கணக்குகள். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. 30,721ஆம் கணக்கைப் பதிந்துவிட்டு, அதன் வரியை வைக்க 31ஆம் துண்டைக் கேட்டது. அங்கேயே உயிர் போயிற்று.

பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நல்ல வேளையாக அந்த நிரலை முதலில் எழுதியவர், யாரோ ஒரு புண்ணியவான், 1,000 கணக்குக்கு ஒருமுறை 'செக்பாயிண்ட்' போட்டிருந்தார். இதுவரை செய்தது உறுதி என்று தரவுத்தளத்துக்குச் சொல்லும் நிலைப்பதிவு அது. நிரல் இறந்ததும் தரவுத்தளம் தன் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் படித்து, கடைசி நிலைப்பதிவுக்குப் பிறகு பதிந்த 721 கணக்குகளையும் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டது. 30,000 கணக்குகள் முடிந்தவை, மற்றவை தொடாதவை. அரைகுறை என்று ஒன்றுகூட இல்லை.

நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். வேலியை இரண்டு மெகாபைட் தள்ளிப் போட்டு, 30,001ஆம் கணக்கிலிருந்து மறுபடி ஓட்டினேன். முடிந்த கணக்குகளின் வரிகளை மட்டும் நிரல் மறுபடி படித்து அட்டவணையை நிரப்பிக்கொண்டது. காலை ஏழு மணிக்கு வேலை முடிந்தது. ஆனால் வேலியைத் தள்ளிப் போடுவது மீட்சி ஆகாது. அடுத்த இணைப்பு நடக்கும் வரை கிடைத்த தவணை அது. லைனுக்கு அடியில் தள்ளிப் போட இடமும் அதிகம் இல்லை.

கேட்பதில் இரண்டு விதம்

நிரல் ஏன் உடனே இறந்தது? அது இடம் கேட்ட விதம் அப்படி. சிஸ்டம்/360 காலத்திலிருந்தே இடம் கேட்கும் கட்டளைக்கு கெட்மெயின் என்று பெயர். திருப்பிக் கொடுப்பதற்கு ஃப்ரீமெயின். கெட்மெயினை இரண்டு விதமாகச் சொல்லலாம். கொடு, இல்லையென்றால் என்னைக் கொன்றுவிடு என்பது ஒன்று. இருந்தால் கொடு, இல்லையென்றால் இல்லை என்று சொல் என்பது இன்னொன்று. இரண்டாவது விதத்தில் கேட்டால், இடம் இல்லாதபோது இயங்குதளம் 4 என்ற விடை எண்ணைத் திருப்பித் தரும். நிரல் உயிரோடு இருக்கும்.

அப்படியானால் எல்லாரும் இரண்டாவது விதத்திலேயே கேட்கலாமே? கேட்கலாம். ஆனால் 4 வந்தால் என்ன செய்வது என்று நிரலில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் கேட்டால் முதல் விதத்தைவிட மோசம். கிடைக்காத இடத்தைக் கிடைத்ததாக நினைத்து நிரல் யாருடைய வீட்டிலோ எழுதத் தொடங்கும். சுத்தமான சாவு வந்திருக்க வேண்டிய இடத்தில் தவறான தொகைகள் வரும். வங்கியில் எந்தச் சாவும் தவறான தொகையைவிட நல்லது.

எங்கள் நிரலில் 4 வந்தால் செய்யக்கூடிய நியாயமான காரியம் ஒன்று இருந்தது. நினைவகத்தில் உள்ள 30,720 வரிகளையும் அங்கேயே, கூடுதல் இடம் கேட்காமல், ஒன்றையொன்று இடம் மாற்றி அடுக்கிவிடலாம். அடுக்கியதை வட்டில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதிவிட்டு, காலியான அதே 30 துண்டுகளை மறுபடி பயன்படுத்தி மிச்சம் 3,280 கணக்குகளைத் தொடரலாம். கடைசியில் வட்டில் ஒரு கட்டு, கையில் ஒரு கட்டு, இரண்டும் வரிசையாக அடுக்கியவை. ஆசிரியர்கள் இரண்டு கட்டு விடைத்தாளை எண் வரிசையில் சேர்ப்பதை நினைத்துப் பாருங்கள். மேலே தெரியும் இரண்டு தாளில் எது சிறிய எண்ணோ அதை எடுத்து வைப்பார்கள். இதற்கு ஒரே நேரத்தில் இரண்டு தாள் தெரிந்தால் போதும். பெரிய அளவில் வரிசைப்படுத்தும் மென்பொருள்கள் எல்லாம் அடிப்படையில் இப்படித்தான் வேலை செய்கின்றன. இடம் குறைந்தால் சாவதில்லை, மெதுவாகின்றன.

மெதுவாவது என்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓஎஸ்/360 இயங்குதள உருவாக்கத்துக்குத் தலைமை தாங்கிய ஃபிரெட் புரூக்ஸ் தமது 'தி மித்திக்கல் மேன்-மந்த்' நூலில் ஓர் அனுபவத்தைப் பதிவு செய்திருக்கிறார். ஒவ்வொரு குழுவுக்கும் இத்தனை கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்று கண்டிப்பாக அளவு வைத்தார்கள். குழுக்களும் அடங்கின, தங்கள் நிரலைத் துண்டு போட்டு வெளியே வட்டிலும் டிரம்மிலும் தள்ளிவிட்டு. நினைவகத்துக்கு அளவு வைத்தவர்கள் வெளியே போய்வரும் பயணத்துக்கு அளவு வைக்கவில்லை. மாதிரிக் கணக்கிட்டுப் பார்த்தபோது ஃபோர்ட்ரான் மொழிபெயர்ப்பி ஒன்று நிமிடத்துக்கு ஐந்து வரிகள் மொழிபெயர்க்கும் என்று தெரிந்ததாம். எங்கள் நிரலில் ஒரு கிளைக்கு ஒரே ஒரு பயணம். அதனால் துணிந்தோம்.

ரிசர்வ்

பழைய மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோல் குழாய்க்கு ஒரு திருகு இருக்கும். மூன்று நிலை: ஆன், ஆஃப், ரிசர்வ். வண்டி இருமித் தள்ளாடும்போது குனிந்து திருகை ரிசர்வில் வைத்தால் தொட்டியின் அடியில் இருக்கும் பெட்ரோல் வரத் தொடங்கும். அது ஊர் சுற்ற அல்ல, பக்கத்து பங்க் வரை போய்ச் சேர. தொட்டியில் பெட்ரோல் நிறைய இருக்கும்போதே குழாயின் உயரத்தால் அந்தப் பங்கு தானாகப் பிரிந்து நிற்கிறது என்பதுதான் இதில் அருமை. தீர்ந்த பிறகு யாரும் ரிசர்வ் உண்டாக்க முடியாது.

நிரல்களில் இதே ஏற்பாட்டைக் கையால் செய்ய வேண்டும். நிரல் தொடங்கிய முதல் கணத்தில், இடம் ஏராளமாக இருக்கும்போது, தேவையே இல்லாமல் ஒரு துண்டு வாங்கி ஓரமாக வைத்துக்கொள்வது. எல்லாம் தீர்ந்து 4 வரும்போது முதல் வேலையாக அந்தத் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. கொடுத்த கையோடு தெருவில் அவ்வளவு வீடுகள் காலியாகும். ஒழுங்காக மூடிக்கொண்டு போகத் தேவையான இடம் அதில் கிடைக்கும்.

இயங்குதளமே இப்படி ஒன்றைச் செய்துவைத்திருக்கிறது. சில நிரல்கள் 'மிச்சம் இருப்பதையெல்லாம் கொடு' என்று கேட்கும். அப்படிக் கேட்பவர்களுக்கு வழக்கமான அமைப்பில் வேலியோடு நிறுத்திவிடுவார்கள். இவ்வளவு வேண்டும் என்று அளவு சொல்லிக் கேட்பவர்களுக்கு வேலியைத் தாண்டி இன்னும் 64 கிலோபைட் தருவார்கள். பேராசைக்காரன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன பிறகும் ஒரு கோப்பைத் திறக்கவோ மூடவோ அந்த 64 கிலோபைட் உதவும். எனக்கு இதைப் படித்த நாளில் உண்டான மரியாதை இன்னும் குறையவில்லை. எழுதியவர்கள் நிரலர்களின் குணம் தெரிந்தவர்கள்.

எங்கள் நிரலுக்கு ரிசர்வ் மட்டும் போதவில்லை. தற்காலிகக் கோப்பில் எழுதலாம் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கோப்பைத் திறப்பதற்கே இயங்குதளம் நினைவகம் கேட்கும். வட்டுக்குப் போகும் தரவு வழியில் தங்கிப் போக இடைத்தாங்கி என்று ஓர் இடம் வேண்டும். அதுவும் நினைவகமே. ஆகவே ஒருபோதும் பயன்படாமல் போகலாம் என்று தெரிந்தும், அந்தக் கோப்பை ஒவ்வோர் இரவும் தொடக்கத்திலேயே திறந்துவைத்தோம். கிளை சிறியதாக இருந்தால் ஒரு வரிகூட எழுதாமல் மூடிவிடும். பஞ்சத்திலும் விதைநெல்லைத் தொடாத விவசாயி வீட்டுக் கணக்கு அது.

கசிவு, சில்லறை

இரண்டு நோய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றுக்கு மேலே சொன்ன வைத்தியம் பலிக்காது.

ஒன்று, கசிவு. நிரல் ஒவ்வொரு கணக்குக்கும் 40 பைட் வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க மறந்துவிடுகிறது என்று வையுங்கள். 34,000 கணக்குக்கு 13,60,000 பைட், ஏறக்குறைய 1.3 மெகாபைட் வீணாகப் போய்விடும். யாரும் பயன்படுத்தவில்லை, யாருக்கும் கிடைக்கவும் இல்லை. வேலியைத் தள்ளிப் போட்டால் கசிவும் உடன் வளரும். ரிசர்வும் தட்டுத் தடுமாறிக் கடையை மூட மட்டுமே உதவும். ஓட்டையைத் தேடி அடைப்பதுதான் வழி.

இன்னொன்று, சில்லறையாகச் சிதறிய இடம். பேருந்தில் ஐந்து இருக்கை காலி, ஆனால் ஐந்தும் ஐந்து மூலையில். சேர்ந்து உட்கார வேண்டிய குடும்பத்துக்கு அது இடமே இல்லை. நினைவகத்திலும் மொத்தக் கணக்கில் 500 கிலோபைட் காலியாக இருக்கும், 100 கிலோபைட் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் இருக்காது. ஒரே அளவுத் துண்டுகளாகவே வாங்குவது இதைப் பெருமளவு தடுக்கும். எங்கள் நிரலின் 100 கிலோபைட் பழக்கம் அந்த வகையில் நல்ல பழக்கம்.

அறிக்கைத் தாளும் கிடைக்காதபோது

எவ்வளவு முன்யோசனை செய்தாலும் நாம் எழுதாத ஏதோ ஒரு மூலையில், நம் நிரல் அழைத்த வேறொரு துணைநிரலில், இடம் தீர்ந்து அபெண்ட் வரலாம். அதற்கும் எம்விஎஸ் வழி வைத்திருக்கிறது. நிரல் தொடக்கத்திலேயே ஈஸ்டே என்ற கட்டளை மூலம் சொல்லிவைக்கலாம்: எனக்கு ஏதாவது ஆனால் இந்த முகவரியில் உள்ள என் மீட்பு நிரலைக் கூப்பிடுங்கள். விபத்துக்கு யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று சட்டைப்பையில் எழுதி வைத்துக்கொள்வதுபோல.

அபெண்ட் வந்ததும் இயங்குதளத்தின் மீட்புப் பிரிவு ஓர் அறிக்கை தயாரிக்கிறது. எந்தக் காரணத்தால் விழுந்தது, அந்தக் கணத்தில் பதிவேடுகளில் என்னென்ன எண்கள் இருந்தன, எந்தக் கட்டளையில் நின்றது என்று அத்தனையும் அதில் இருக்கும். எஸ்டிடபிள்யூஏ என்பது அதன் பெயர். அறிக்கையைக் கையில் கொடுத்து மீட்பு நிரலை எழுப்புவார்கள். மீட்பு நிரல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். என்னால் ஆகாது, எனக்கு மேலே இருப்பவரிடம் கொண்டுபோங்கள் என்று விட்டுவிடலாம். அல்லது, இந்த முகவரியிலிருந்து மறுபடி ஓடட்டும் என்று சொல்லலாம்.

அறிக்கை எழுத நினைவகம் வேண்டும். விழுந்ததே நினைவகம் இல்லாமல்தான். அறிக்கைக்கான இடமும் கிடைக்கவில்லை என்றால்?

அந்த நிலைக்கும் கையேட்டில் விதி எழுதியிருக்கிறது. மீட்பு நிரல் எழுந்திருக்கும்போது பூஜ்யம் எண் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். அதில் 12 இருந்தால் அறிக்கை இல்லை என்று பொருள். அப்போது ஒன்றாம் பதிவேட்டில் மரணத்தின் காரணக் குறியீடு மட்டும் இருக்கும். இரண்டாம் பதிவேட்டில், நிரல் தன் மீட்சிக்காக முன்பே குறித்துக்கொடுத்த முகவரி இருக்கும். பதிவேடுகள் கணினியின் மையச் செயலகத்தின் உள்ளேயே இருப்பவை, அவற்றுக்கு நினைவக இடம் தேவையில்லை. அறிக்கை எழுதத் தாள் இல்லாத மருத்துவர், நோயாளியின் உள்ளங்கையில் இரண்டு எண்ணை எழுதி அனுப்புவதற்கு ஒப்பானது இது.

அந்த இரண்டாம் பதிவேட்டு முகவரிதான் எல்லாம். அதில் மீட்பு நிரல் வேலை செய்யத் தேவையான இடம் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் பிழைக்கலாம். மீட்பு நிரல் எழுந்ததும் முதல் காரியமாக கெட்மெயின் சொன்னால் அதுவும் விழும். விழுந்தால் அதற்கு மேலே பதிந்திருக்கும் மீட்பு நிரலைத் தேடிப் போவார்கள். யாரும் இல்லையென்றால் வேலையை முடித்துவிடுவார்கள். 12 இருக்கிறதா என்று பார்க்காமல், இல்லாத அறிக்கையைப் படிக்கப் போய் விழுந்த மீட்பு நிரல்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே கூரையின் கீழ்

இதுவரை சொன்னது இரவு வேலை. ஒரு நிரல், ஒரு தெரு. விழுந்தால் எழுப்பி ஓட்டலாம். பகலில் வங்கிக் கிளைகளிலிருந்தும் பணம் எடுக்கும் இயந்திரங்களிலிருந்தும் வரும் கோரிக்கைகள் வேறு மாதிரி. அவற்றைக் கவனிக்க 1969 ஜூலையில் ஐபிஎம் வெளியிட்ட மென்பொருள் சிஐசிஎஸ். மின்சாரம், தொலைபேசி போன்ற பொதுச்சேவை நிறுவனங்களுக்காகத் தொடங்கிய முயற்சி அது. பின்னால் வங்கிகளின் முதுகெலும்பாயிற்று.

சிஐசிஎஸ்ஸில் நூற்றுக்கணக்கான சிறுவேலைகள் ஒரே தெருவைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒருவன் இடத்தை வாரிக்கொண்டால் சம்பந்தமே இல்லாத இன்னொருவரின் பணம் எடுப்பு நிற்கும். அதனால் இங்கே ரிசர்வை ஒவ்வொரு நிரலும் வைத்துக்கொள்வதில்லை. சிஐசிஎஸ் எல்லாருக்குமாக ஒன்றை வைத்திருக்கிறது. அதற்கு 'குஷன்' என்று பெயர். காலி இடம் அந்தக் குஷனின் அளவுக்குக் கீழே போனால், இயக்குநரின் திரையில் சிஐசிஎஸ் 'ஸ்ட்ரெஸ்'ஸில் இருக்கிறது என்ற பொருளில் ஒரு செய்தி வரும். அந்த நிலையைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள் எஸ்ஓஎஸ். நினைவகப் பற்றாக்குறை என்பதன் ஆங்கிலச் சுருக்கம், கடலில் மூழ்கும் கப்பலின் அபயக் குரலாகவும் அமைந்துவிட்டது.

எஸ்ஓஎஸ் வந்தால் என்ன நடக்கும்? ஏற்றிவைத்து இப்போது யாரும் பயன்படுத்தாத நிரல்களை நினைவகத்திலிருந்து இறக்கிவிடும், தேவைப்பட்டால் வட்டிலிருந்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். புதிதாக வரும் சிறுவேலைகளை வாசலிலேயே நிறுத்திவைக்கும். உள்ளே இருப்பவர்கள் முடித்துக்கொண்டு வெளியேறட்டும். இடம் கேட்பவர்களைக் கொல்லாமல் காத்திருக்கச் சொல்லும். காத்திருக்க விரும்பாத நிரல் அதை முன்பே சொல்லிவிட்டு, இடம் இல்லை என்ற பதிலை உடனே வாங்கிக்கொள்ளலாம்.

காத்திருப்பில் ஒரு கண்ணி உண்டு. பத்துப் பேரும் கொஞ்சம் கொஞ்சம் இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வந்தால்தான் முடிப்பேன் என்று காத்திருந்தால் யாரும் முடிக்க மாட்டார்கள். டச்சுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1960களில் இதற்கு ஒரு வழி சொன்னார். கடன் கேட்பவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வரிசையில் ஒருவர்பின் ஒருவராக முழுமையாக முடித்துத் திருப்பித் தரக்கூடிய அளவு கையிருப்பு எப்போதும் இருக்குமாறு பார்த்து மட்டுமே கடன் கொடுக்கும் வங்கியாளரை அவர் உவமையாக்கினார். சிஐசிஎஸ் இன்னும் எளிய வழியைப் பின்பற்றுகிறது. ஒவ்வொரு வகை வேலைக்கும் காத்திருப்பின் எல்லையைக் குறித்துவைக்கலாம். எல்லை தாண்டினால் அந்த ஒருவரை மட்டும் வெளியேற்றி, அவர் செய்த அரைகுறை மாற்றங்களைத் திருப்பிவிட்டு, அவர் கையில் இருந்த இடத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கும். கைப்பேசி உங்கள் பாட்டை நிறுத்தியதும் ஒருவரை வெளியேற்றித்தான். வெளியேற்றும் முன் எத்தனை படி இறங்கி வருகிறார்கள் என்பதிலும், வெளியேற்றியவரின் கணக்கை நேர்செய்துவிட்டு அனுப்புவதிலும்தான் இரண்டுக்கும் வேறுபாடு.

ஒத்திகை

திருத்திய நிரலை எழுதி முடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஆனால் மீட்சிக்காக எழுதிய வரிகள் எந்த இரவும் ஓடாது. தள்ளிப் போட்ட வேலியையும் நிரப்பும் கிளை வரும் நாள்வரை உறங்கிக் கிடக்கும். முதன்முதலில் ஓடுவது நள்ளிரவு ஒரு மணியாக இருக்கும்.

அதனால் பஞ்சத்தை நாமே உண்டாக்கினோம். சோதனைக் கணினியில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், வேலியைக் குறுக்கி அட்டவணைக்கு 200 கிலோபைட் மட்டுமே மிஞ்சும்படி வைத்தோம். இரண்டு துண்டு, 2,048 வரி. சோதனைக் கிளையில் 5,000 கணக்குகள். கணக்குப்படி இரண்டுமுறை வட்டுக்கு எழுதி, கையில் 904 வரிகளோடு முடிய வேண்டும்.

முதல் ஓட்டம் 2,049ஆம் கணக்கிலேயே விழுந்தது. குறியீடு 80ஏ அல்ல, 106. ஒரு துணைநிரலை ஏற்ற முடியவில்லை என்பது அதன் பொருள், காரண எண் இடமின்மை. என் பக்கத்து மேசையில் இருந்த இளம் நிரலர்தான் டம்ப்பை, அதாவது நிரல் விழுந்த கணத்தில் எடுத்த நினைவகப் படியை, பிரித்துப் பார்த்து எந்தத் துணைநிரல் என்று கண்டுபிடித்தார். 'அட்டவணை நிரம்பியது, வட்டுக்கு எழுதுகிறேன்' என்ற செய்தியில் எத்தனை வரிகள் என்ற எண்ணை அழகாக அச்சிட ஒரு துணைநிரலை அழைத்திருந்தோம். அது முதன்முறை அழைக்கும்போதுதான் வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏறும். இடம் இல்லை என்று சொல்ல முயன்றபோது, அந்தச் சொல்லுக்கே இடம் இல்லாமல் விழுந்திருக்கிறது.

செய்தியை நிரலுக்குள்ளேயே நிலையான வரியாக எழுதிவைத்தோம். எண் வரவேண்டிய இடத்தில் ஐந்து வெற்றிடம் விட்டு, நிரலே இலக்கங்களை அங்கே வைக்கும்படி மாற்றினோம். அடுத்த ஓட்டத்தில் கோப்பில் எழுதியது, ஆனால் இரண்டாம் கட்டை முதல் கட்டின்மேலேயே எழுதிவிட்டது. அது வேறு பிழை, அதையும் திருத்தினோம். மாலை நான்கரைக்கு மூன்றாம் ஓட்டம். திரையில் 02048 என்று ஒரு வரி வந்தது, சற்றுப் பிறகு மறுபடி 02048. பிறகு 5,000 கணக்குகளின் அறிக்கை, நிலுவைத் தொகையின் வரிசையில், ஒன்றும் விடுபடாமல்.